கொட்டை எழுத்தும் பொடி எழுத்தும்

கேள்வி: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. நான்கு தடவை முழுசாக ஏறும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாவது தடவை முடிவதற்குள் மூச்சை விட்டுவிடுகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: இல்லை. உங்கள் பவர் பேங்க் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் 20,000, உள்ளே இருக்கும் பேட்டரி செல்லின் கணக்கு. செல்லுக்கு 3.7 வோல்ட். கேபிள் வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட், வேகமாக ஏற்றும் போனாக இருந்தால் இன்னும் அதிகம். வோல்ட் ஏறினால் எம்ஏஎச் இறங்கும்: 20,000 என்பது 5 வோல்ட்டில் 14,800. அப்படி ஏற்றும்போது சூடாகிப் போவதைக் கழித்தால் 12,000, 13,000 தேறும். அப்புறம் போனுக்குள் போகிற வழியிலும் கொஞ்சம் சேதாரம். இரண்டரை தடவையை ஒட்டி நின்றாலே நல்ல சரக்குதான்.

பவர் பேங்கைத் திருப்பிப் பாருங்கள். வெளியே உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் அது கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் சாம்பல் நிறப் பொடி எழுத்து. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. பக்கத்திலேயே வாட்-அவர் கணக்கும், அதாவது உள்ளே இருக்கும் மொத்த மின் ஆற்றலின் அளவும், இருக்கும். உங்களுடையதில் 74 என்றோ அதை ஒட்டியோ போட்டிருப்பார்கள். இரண்டு பவர் பேங்கை ஒப்பிட வேண்டுமென்றால் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். விமானத்திலும் அதைத்தான் கேட்பார்கள்: பொதுவாக 100 வாட்-அவர் வரை தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகலாம், அதுவும் கைப்பையில் மட்டும். 27,000 எம்ஏஎச் என்ற வினோத அளவில் ஏன் விற்கிறார்கள் என்று நான் யோசித்ததுண்டு. 3.7-ஆல் பெருக்கிப் பார்த்தேன், 99.9!

உண்மையான ஏமாற்று வேறு இடத்தில் இருக்கிறது. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கே 300 கிராமைத் தாண்டும். 50,000 என்று அச்சடித்த ஒன்று உள்ளங்கைக்குள் இலேசாக அடங்கினால், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் அடிமாட்டு விலைக்கு வருகிறது. ஆயிரக்கணக்கில் ஐந்து நட்சத்திரம் வேறு. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கிப் பட்டவன். செருகியதும் கம்ப்யூட்டர் 2 டிபி என்றே காட்டியது. பழைய புகைப்படங்களை எல்லாம் ஏற்றினேன், ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பல படங்கள் திறக்கவே இல்லை. திறந்த சிலவற்றில் மேல் பாதி முகம், கீழ்ப் பாதி சாம்பல் பட்டை.

உள்ளே இருப்பது சின்ன மெமரி சிப். 'நான் 2 டிபி' என்று பொய் சொல்லும்படி, அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பை மாற்றி எழுதிவிடுகிறார்கள். இடம் நிரம்பியதும், புதிதாக வருவதைப் பழையதன் மேலேயே எழுதும், இல்லையென்றால் காற்றில் விட்டுவிடும். ஃபைல் பெயர்கள் மட்டும் வரிசையாகத் தெரிவதால் நமக்குச் சந்தேகமே வராது. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்று இலவச மென்பொருள்கள் உள்ளன. டிரைவை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், எதையும் ஏற்றுவதற்கு முன், இதைச் செய்துவிடுங்கள்.

நட்சத்திரங்களா? விமர்சனங்களைத் திறந்து பழையவற்றைப் படியுங்கள். 'மொபைல் கவர் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று யாராவது எழுதியிருந்தால் கதை புரிந்துவிடும். வேறு பொருளுக்கு வந்த பாராட்டுப் பக்கத்தில் பெயரையும் படத்தையும் மாற்றிப் பென்டிரைவை ஏற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: நல்ல கம்பெனி 1 டிபி ஹார்ட் டிஸ்க்கும் 931 ஜிபி என்றுதான் காட்டுகிறது. அதுவும் மோசடியா?

பதில்: அது வெறும் கணக்குத் தகராறு. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே வரும்.

கேள்வி: இலவச சோதனைக் காலம் என்று ஒரு ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்காமல் போனிலிருந்து நீக்கிவிட்டேன். ஆனாலும் மாதாமாதம் பணம் போகிறதே?

பதில்: ஆப்பை நீக்கினால் ஐகான் மட்டும்தான் போகும். சந்தா அப்படியே உயிரோடு இருக்கும். போனின் ஆப் ஸ்டோர் கணக்கில் 'சந்தாக்கள்' பகுதியில் போய் நிறுத்துங்கள். நேராக அவர்கள் தளத்தில் சேர்ந்திருந்தால் அங்கே போக வேண்டும். அங்கேதான் நாடகம் ஆரம்பிக்கும். சேர ஒரு தட்டு போதும், விலக ஐந்து திரை. 'உண்மையிலேயே எங்களை விட்டுப் போகிறீர்களா?' என்ற கேள்விக்குக் கீழே 'இருக்கிறேன்' என்று பளிச்சென ஒரு பொத்தான், 'விலகுகிறேன்' என்பது மங்கிய எழுத்தில் எங்கோ மூலையில். இந்த மாதிரி வடிவமைப்புத் தந்திரங்களுக்கு 2010-இல் ஹாரி பிரிக்னல் என்ற வடிவமைப்பாளர் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரே வைத்துவிட்டார்.

நான் இப்போதெல்லாம் சேர்ந்த அன்றைக்கே ரத்து செய்துவிடுகிறேன். பல சேவைகள் சோதனைக் காலம் முடியும்வரை திறந்தே இருக்கும். சில உடனே மூடிவிடும். அந்த மாதிரி சேவைகளுக்கு மட்டும் அன்றைக்கே ரத்து செய்யாமல், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் போனில் அலாரம். ரத்து செய்த பிறகு வரும் உறுதி மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள். மறுபடி பணம் எடுத்தால் வங்கியில் காட்ட உங்களிடம் இருப்பது அதுதான்.