ஆறு வாரம் பிரெஞ்சு மட்டும்: மிடில்பரிக்கு மகளை அனுப்பலாமா?

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பி.ஏ. பிரெஞ்சு முடித்து, பி2 (பிரெஞ்சு மொழித்திறனில் உயர் இடைநிலை) தேர்வும் தேறி, சென்னையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். இப்போது அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரியின் கோடைகால எம்.ஏ.வில் சேர்ந்தே ஆக வேண்டும் என்கிறார். "பிரெஞ்சு படிக்க எதற்கு அமெரிக்கா? ஆறு வாரம் வேறு மொழியே பேச மாட்டேன் என்று கையெழுத்து வாங்குகிறார்களாமே, நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

முதலில் நம்பிக்கையைப் பற்றி. இது நேற்று முளைத்த நிறுவனம் இல்லை. மிடில்பரி 1800இல் தொடங்கிய கல்லூரி, வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அதன் கோடைகால மொழிப் பள்ளிகள் 1915இல் ஜெர்மனோடு தொடங்கின. அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் பள்ளி வந்துவிட்டது. இன்று அங்கே பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குத் தனித்தனிப் பள்ளிகள் உண்டு. பிரெஞ்சுத் துறை வட்டாரத்தில் மிடில்பரி எம்.ஏ. என்றால் மரியாதை இருக்கிறது. அந்த வகையில் உங்கள் மகள் நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறார்.

கையெழுத்து விஷயமும் உண்மைதான். சேருகிற நாளிலேயே மொழி உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். வகுப்பில் மட்டுமல்ல, விடுதி அறையிலும் விளையாட்டுத் திடலிலும் துணி துவைக்கிற இடத்திலும் பிரெஞ்சுதான். சாப்பாட்டு மேசையில் ஆசிரியர்களும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். காலையில் இலக்கிய வகுப்பு எடுத்தவரிடம் மதியம் ரொட்டியை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லியும் பிரெஞ்சில்தான் கேட்க வேண்டும். நாடகம், பாட்டுக் குழு, சினிமா என்று மாலையும் அதே மொழியில் போகும். அம்மாவிடம் பேசவே முடியாதோ என்று பயப்பட வேண்டாம். வீட்டுக்குப் போன் பண்ணுவதை யாரும் தடுப்பதில்லை. மற்ற மாணவர்கள் காதில் விழாமல் தனியாக, சுருக்கமாகப் பேசிக்கொள்ளச் சொல்வார்கள். தினமும் ஒரு மணி நேர வீடியோ கால் என்பதை மட்டும் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

இதனால் என்ன பயன் என்றால், நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களின் குறை எங்கே இருக்கிறதோ அங்கேயே இது கை வைக்கிறது. நம் பிள்ளைகள் இலக்கணத்தில் புலி. பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகவே பிரெஞ்சு எடுத்து சென்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! ஆனால் எதிரே ஒருவர் வேகமாகப் பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், மனதுக்குள் ஆங்கிலத்தில் வாக்கியம் அமைத்து, அதைப் பிரெஞ்சுக்கு மாற்றி, வினைச்சொல்லின் முடிவைச் சரிபார்த்து வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். அந்த இடைவெளியைக் குறைக்கப் பாடப்புத்தகத்தால் முடியாது. காலையிலிருந்து இரவு வரை அந்த மொழியிலேயே கோபப்படவும் சிரிக்கவும் சமாதானம் சொல்லவும் வேண்டியிருந்தால்தான் குறையும். முதல் சில நாட்கள் சிரமமாக இருக்கும். நன்றாகப் பேசுகிற பெண் வாயடைத்துப் போனதுபோல் தோன்றும், அழுகையும் வரலாம். அந்த நேரத்தில் நீங்கள் "கிளம்பி வந்துவிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சரி, அப்படியானால் அனுப்பிவிடலாமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறேன்.

இந்த எம்.ஏ.வின் அமைப்பைப் பாருங்கள். மொத்தம் 12 பாடங்கள். ஒரு கோடையில் ஆறு வாரம், அதில் மூன்று பாடம். நான்கு கோடைகள் போனால் பட்டம். அமெரிக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது மிகவும் வசதி. வேலையை விடாமல், விடுமுறையில் வந்து படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அவர்களுடைய கோடை ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. நம் ஊரில் ஜூனிலேயே பள்ளி திறந்துவிடும். ஜூலை என்றால் புதிய வகுப்பு, முதல் தேர்வு, பெற்றோர் கூட்டம். நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்த ஆறு வாரம் லீவு கொடுக்கிற பள்ளி நிர்வாகம் எது? மகளிடம் முதலில் இதைக் கேளுங்கள். இந்தப் படிப்பின் பெரிய நன்மையே வேலையோடு படிக்கலாம் என்பதுதான். அது அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

பணமும் அப்படித்தான். படிப்புக் கட்டணம், அறை, சாப்பாடு சேர்த்து ஒரு கோடைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேலும் வரலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள், கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் நான்கு முறை விமானக் கட்டணம், கூடவே விசாச் செலவு என்பதற்கெல்லாம் உதவித்தொகையை நம்ப முடியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அப்படியே அங்கே ஒரு வேலை கிடைத்துவிடுமா?" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடித்தபின் வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதிக்கு, குறைந்தது ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும். ஆறு வாரக் கோடையை அதற்கு நம்ப முடியாது. அமெரிக்கா போவதற்கான வழியாக இதைப் பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அப்புறம் என்ன செய்யலாம்? மிடில்பரியிலேயே இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. முதல் கோடையை வெர்மான்டில் முடித்துவிட்டு, மீதிப் பாடங்களை ஒரு கல்வியாண்டு பாரிஸில் படிக்கலாம். வேலையை ஒரேயடியாக விட்டுவிட்டுப் போக உங்கள் மகள் தயார் என்றால், நான்கு கோடை அலைச்சலைவிட இதுவே மேல். ஆனால் வேலையை விடுவதென்று ஆகிவிட்டால், நேராகப் பிரான்சுக்கே போகலாமே என்பது என் கருத்து. அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் எஃப்எல்இ என்று ஒரு மாஸ்டர்ஸ் இருக்கிறது. பிரெஞ்சை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கென்றே உள்ள படிப்பு, அதாவது உங்கள் மகள் செய்கிற அதே வேலைக்கு. வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆண்டுக் கட்டணம் சுமார் 4,000 யூரோ. சில பல்கலைக்கழகங்கள் அதிலும் சலுகை தருகின்றன. இரண்டு ஆண்டுகள் அங்கே வாழ்ந்தால் பேச்சு தானாக வரும். பிரான்சில் படிக்க வழிகாட்டும் காம்பஸ் பிரான்ஸ் அலுவலகம் சென்னையிலேயே உள்ளது, அங்கே நேரில் போய் விசாரிக்கலாம்.

கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்தால் கணக்கு வேறு. நெட் தேர்வும் ஆராய்ச்சிப் பட்டமும் அங்கே முக்கியம். வெளிநாட்டு எம்.ஏ.வுக்கு இங்கே சமத்தகுதி (இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்ற சான்று) வாங்க வேண்டியிருக்கும், அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே விசாரிக்க வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் இஃப்லு (ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம்), டெல்லி ஜேஎன்யு ஆகியவற்றில் பிரெஞ்சு எம்.ஏ. படித்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு கோடை மட்டும் மிடில்பரி போய் வருவது எனக்குப் பிடித்த வழி. அங்கே பட்டத்தில் சேராமல் ஒரு கோடை மட்டும் படிக்கவும் இடமுண்டு. தனியார் நிறுவன வேலை என்றால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். மொழி தெரிந்த ஆள் தேடுகிறவர்கள் பார்ப்பது பி2வா, அதற்கு அடுத்த நிலையான சி1ஆ என்பதைத்தான். பிரெஞ்சு கற்பிக்கும் மையமான அலியான்ஸ் பிரான்சேஸில் சி1 எழுதினாலே போதும்.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். "போன பெற்றோர் கூட்டத்தில் என்ன நடந்தது என்று பிரெஞ்சில் ஐந்து நிமிடம் சொல்லு" என்று மகளிடம் கேட்டு, போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்குப் பிரெஞ்சு தெரியாவிட்டாலும் எங்கே நிற்கிறார், எங்கே ஆங்கிலச் சொல் நுழைகிறது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். எம்.ஏ. வகுப்பில் முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் விவாதம், பிரெஞ்சில் கட்டுரை. பி2 சான்றிதழ் இருந்தும் ஐந்து நிமிடம் ஓடவில்லை என்றால், இந்த ஆண்டு எம்.ஏ. வேண்டாம். பட்டமில்லாத ஏழு வார மொழிப் பயிற்சியும் அதே பள்ளியில் இருக்கிறது. தடங்கலின்றிப் பேசிவிட்டார் என்றால் அந்தப் பதிவை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பள்ளியில் லீவு பற்றித் தலைமையாசிரியர் சொன்ன பதிலையும் சேர்த்து அனுப்பினால், எந்த வழிக்கு விண்ணப்பிப்பது என்று மூவருமாக உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம்.