ஆசிரியர் தினத்துக்கு ஸ்டாஃப் மீட்டிங்கைக் கிண்டல் செய்து ஒரு நாடகம்: எப்படி எழுதுவது?

கேள்வி: தில்லியில் ட்வெல்த் படிக்கிறேன். செப்டம்பர் 5 அன்று நாங்கள் தமிழில் ஒரு காமெடி நாடகம் போட வேண்டும். ஸ்டாஃப் மீட்டிங்கை எடுத்துக்கொண்டோம், ஆனால் உள்ளே என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரையும் புண்படுத்தாமல் சிரிக்க வைப்பது எப்படி?

பதில்: முதலில் மிமிக்ரியை விட்டுவிடுங்கள். ஒரு சாரின் நடை, ஒரு மேமின் இழுவை என்று ஆரம்பித்தால் முதல் நிமிடம் விசில் பறக்கும். அடுத்த நிமிடமே மொத்த ஹாலும் முன்வரிசையில் இருக்கும் அந்த மேமின் முகத்தைத்தான் பார்க்கும். உங்கள் பள்ளியில் ஒரே ஒரு பிசிக்ஸ் சார்தான் என்றால் ‘பிசிக்ஸ் சார்’ என்ற பாத்திரமே வேண்டாம். அவர் செய்வதை ஹிஸ்டரி மேமுக்குக் கொடுங்கள்.

கிண்டல் கூட்டத்தின் மேல் இருக்கட்டும். மீட்டிங்குக்குள் நுழைந்ததும் ஆசிரியர்கள் உங்கள் வகுப்பாகவே மாறிவிடுவார்கள். கடைசி வரிசை முதலில் நிரம்பும். பக்கத்தில் உட்கார்ந்தவரோடு கிசுகிசுப்பு, லேட்டாக வந்து குனிந்தபடி உள்ளே நுழைவது, கேள்வி கேட்டதும் மேஜையை உற்றுப் பார்ப்பது, எல்லாம் உண்டு. “ஆண்டு விழா பொறுப்பை யார் எடுத்துக்கிறீங்க?” என்று பிரின்சிபால் கேட்கும்போது எல்லாத் தலையும் கவிழும். அந்த நேரம் பார்த்துத் தும்மி நிமிர்ந்தவர் மாட்டினார்.

மணி அடித்து, பிள்ளைகளை பஸ் ஏற்றி அனுப்பிய பிறகுதான் பொதுவாகக் கூட்டம். “பத்தே நிமிஷம்” என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பேசுவதற்கு நிறைய இருக்கும்: மிட் டெர்ம் டைம்டேபிள், கேட் டியூட்டி, பஸ் டியூட்டி, லீவ் போட்டவருடைய வகுப்புக்கு யார் அரேஞ்ச்மென்ட் பீரியட் போவது, 75 சதவீத அட்டெண்டன்ஸ் எட்டாதவர்களின் பட்டியல், சிபிஎஸ்இ கேட்கும் வருஷத்துக்கு 50 மணி நேர ட்ரெய்னிங்கில் யாருக்கு எவ்வளவு பாக்கி. இவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் முப்பது விநாடியில் முடிய வேண்டும், அற்ப விஷயம் மூன்று நிமிடம் இழுக்க வேண்டும். போர்டு ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டால் “நல்லா வரும் மேம்”, முடிந்தது. கேட்டை 7.40க்குப் பூட்டுவதா 7.45க்கா என்பதற்கு மட்டும் ஆளாளுக்கு ஒரு சித்தாந்தம்.

தில்லித் தமிழருக்கென்றே ஒரு சரக்கு இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்: போர்டுக்கு அனுப்பும் எல்ஓசி, அதாவது தேர்வெழுதுகிறவர்களின் பட்டியலில் பெயர் சரிபார்ப்பது. நம் இனிஷியலும் ஹிந்தியும் மோதும் இடம் அது. மேம் “கார்த்திக் ஆர்” என்று வாசிக்க, ஆபீஸ் பாபு பேனாவை நிறுத்தி, “கார்த்திக் ஔர்...? ஔர் கௌன்?” என்று கேட்கட்டும். ஹிந்தியில் ‘ஔர்’ என்றால் ‘மற்றும்’, ‘கௌன்’ என்றால் ‘யார்’. “ஆர்” என்று அழுத்திச் சொன்னால் அவர் இன்னொருவர் பெயருக்குக் காத்திருப்பார். தமிழ் தெரியாத டீச்சர்களும் சிரிப்பார்கள், உங்கள் ஹாலில் அப்படிப் பாதிப் பேராவது இருப்பார்கள். அதனால் மற்ற ஜோக்குகளும் வசனத்தைவிடச் செய்கையில் இருந்தால் நல்லது.

செய்கைக்குச் சிறந்த ஆள், மேஜைக்கடியில் யூனிட் டெஸ்ட் பேப்பர் திருத்துகிறவர். சணல் கட்டிய நாற்பது பேப்பர், ஒரு சிவப்புப் பேனா. சத்தம் கேட்காமலிருக்க, பிரின்சிபால் இருமும்போது மட்டும் பக்கத்தைத் திருப்புவார். அவர் ரொம்பவும் இரும வேண்டியதில்லை, நான்கு தடவை போதும். ஐந்தாவது தடவை, “கேட் விஷயத்துல நீங்க என்ன சொல்றீங்க?” என்று திடீரென்று கேட்க, இவர் எழுந்து நின்று, “ஸ்டெப் மார்க் போடலாம் மேம்.”

இது எடுபட, மேஜைக்கு விரிப்பு போடக் கூடாது. பிரின்சிபால் மேஜையை நடுவில் வைத்தால் மற்றவர்கள் முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டியிருக்கும். மேடையின் ஓர் ஓரத்தில் சாய்வாகப் போட்டு, நாற்காலிகளை அரைவட்டமாக ஹாலைப் பார்த்து வையுங்கள். பெரும்பாலும் இரண்டு மைக்தான் கிடைக்கும். ஒன்று பிரின்சிபாலுக்கு, இன்னொன்று அரைவட்டத்தின் நடுவில், குட்டை ஸ்டாண்டில். கையில் மாற்றி மாற்றி வாங்கிப் பேசினால் ஒவ்வொரு பஞ்ச்சும் அரை விநாடி பிந்தி, செத்துப்போகும்.

டீ வர வேண்டும், அது இல்லாமல் மீட்டிங் கிடையாது. காலி டம்ளர் போதும். நிஜ சமோசா மட்டும் வேண்டவே வேண்டாம். உருளைக்கிழங்கு வாயில் இருக்கும்போதுதான் அடுத்த வசனம் வரும். டீ கொண்டுவரும் பையா ஒவ்வொரு முறை எண்ணும்போதும் ஒரு டம்ளர் குறையட்டும்: “ஏக் கம் ஹை.” மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

நீளம் எட்டு நிமிடம், ஆள் ஏழு பேர். கையெழுத்தில் ஆறு பக்கத்தைத் தாண்டினால் வெட்டுங்கள், சிரிப்புக்கே ஒன்றரை நிமிடம் போகும். சிரிப்பு அடங்கத் தொடங்கும்போது அடுத்த வசனத்தை எடுங்கள், முழுக்க அடங்கக் காத்திருந்தால் வேகம் விழுந்துவிடும். ஸ்கிரிப்டைப் பொறுப்பாசிரியரிடம் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். செப்டம்பர் 4 அன்று காட்டினால் அவர் சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் அடித்துவிடுவார், மாற்றி எழுத நேரமிருக்காது.

முடிவுக்கு, கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகம் இருக்கிறது. அதைப் புதிதாகச் சேர்ந்த டீச்சர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். பையைப் பூட்டி எல்லோரும் எழுந்த பிறகு ஒருவர், “மேம், ஒரு சின்ன டவுட்” என்க வேண்டும். எல்லோரும் திரும்ப உட்காரும்போது அந்தப் புது டீச்சர் முன்னால் வந்து, செய்தி வாசிப்பவர் குரலில் வாசிக்கட்டும்: “வாயிற்கதவு குறித்து ஆசிரியர்கள் பயனுள்ள கருத்துகளைத் தெரிவித்தனர். ஆண்டு விழாப் பொறுப்பை ஒருவர் மனமுவந்து ஏற்றார். கூட்டம் பத்து நிமிடங்களில் இனிதே நிறைவுற்றது.”

அந்த வரியோடு லைட்டை அணைத்துவிடச் சொல்லுங்கள்.