பட்டை, கிராம்பு அசலா என்று பார்த்து வாங்குவது எப்படி? பொடியாகவே வாங்கலாமா?

பொடியாக வாங்காதீர்கள். அரைத்துவிட்டால் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. முழுசாக இருந்தால் கண், மூக்கு, நகம் மூன்றும் போதும்.

நான் பழைய வண்ணாரப்பேட்டை. பெரியப்பா கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி போடுகிறவர். அக்கா மகளின் மஞ்சள் நீராட்டுக்குச் சாமான் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு கடையில் கிராம்பு மலிவாகக் கிடைத்ததே என்று கால் கிலோ அள்ளி வந்தேன். பெரியப்பா திட்டவில்லை. டம்ளர் தண்ணீரில் பத்துக் கிராம்பைப் போட்டார். பத்தும் படுத்தபடி மிதந்தன. "எண்ணெய் எடுத்த சக்கைடா இது. தேக்சாவுல போட்டா குச்சிதான் மிச்சம்" என்றார். அப்புறம் தன் டப்பாவிலிருந்து நாலைந்து போட்டார். சில அடியில் போய் உட்கார்ந்தன, இரண்டு மட்டும் தலை மேலே இருக்க ஆணி மாதிரி நிமிர்ந்து நின்றன. காம்பை நகத்தால் அழுத்தியதும் எண்ணெய் கசிந்தது. அது கன்னியாகுமரிக் கிராம்பு. 2021இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு.

அந்த எண்ணெயில் இருக்கும் யூஜினால் என்ற வேதிப்பொருள்தான் பல்வலியை மரக்க வைப்பது. நான் ஒருமுறை கிராம்பு எண்ணெயை அப்படியே பஞ்சில் தொட்டு வைத்து ஈறு வெந்துபோய் இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தேன். தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து வையுங்கள். வலி அடங்கினாலும் சொத்தை அங்கேயேதான் இருக்கும், டாக்டரிடம் போய்விடுங்கள்.

பட்டையில் குழப்பம் வேறு மாதிரி. மளிகைக் கடையில் கிடைக்கும் தடித்த, முரட்டுப் பட்டை பெரும்பாலும் காசியா. அது போலி இல்லை. பிரியாணிக்கு அதுதான் சரி, தாளித்தால் தெருமுனை வரை வாசம் போகும். இலங்கைச் சுருள்பட்டை வேறு மரம். காகிதம் மாதிரி மெல்லிய அடுக்குகள் சுருட்டுப் போலச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும், வாசம் இதமாக இருக்கும். விலை மட்டும் இதமாக இருக்காது.

சர்க்கரைக்கு நல்லது என்று எங்கள் தெருவில் பலர் தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறார்கள். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். அது சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். தினமும் உள்ளே போகலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் கூமரின் உச்ச அளவு, உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். வாரம் ஒரு பிரியாணிக்குப் பயப்பட வேண்டாம். தினமும் குடிப்பவர்கள் சுருள்பட்டைக்கு மாறுவது நல்லது, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் குடிக்காதீர்கள்.

மிளகு? ஒன்றைக் கடித்துப் பாருங்கள். காரமே இல்லையென்றால் பப்பாளி விதையாக இருக்கலாம்.

சென்னையில் மசாலா சாமான் மொத்தக் கடைகள் இருக்கும் ராசப்ப செட்டி தெருவுக்குப் போனால் "ஒரு துண்டு ஒடிச்சுப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் நகர்ந்துவிடுங்கள், அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.