சுகர் ஃப்ரீ உருளைக்கிழங்கும் பத்தேகால் மணிச் சாப்பாடும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் வெறும் டீயோடு ஃபோர்ட்டில் உள்ள அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மணிக்கு டப்பா சாப்பாடு. மாலை ஐந்து மணிக்கு மேல் கை நடுங்குகிறது, அகோரப் பசி என்று ஆறரைக்கு இரண்டு வடா பாவ் (பாவ் ரொட்டிக்குள் உருளைக்கிழங்கு வடை). வீட்டுக்கு வந்து இரவு பத்தேகாலுக்குச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட். பதினொன்றுக்குத் தூக்கம். காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 168 காட்டுகிறது. மார்க்கெட்டில் ‘சுகர் ஃப்ரீ’ உருளைக்கிழங்கு என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியும் குறையவில்லை. உருளைக்கிழங்கை அடியோடு நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: முதலில் நிறுத்த வேண்டியது அந்தக் கூடுதல் விலையை. ‘சுகர் ஃப்ரீ’ என்ற பெயர் சர்க்கரை நோயாளிக்காக வைத்ததல்ல, சிப்ஸ் வறுப்பவருக்காக வைத்தது. குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் அடைத்து வைத்தால் கிழங்கின் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறிவிடும். அதை எண்ணெயில் போட்டால் கறுத்துப்போகும். அதனால் முளை விடாமலிருக்க மருந்து கொடுத்து, 10 முதல் 12 டிகிரியில் வைத்த கிழங்கைத் தனியாக விற்கிறார்கள். அதில் குறைவது இந்த நேரடிச் சர்க்கரை மட்டும்தான். சாதாரணக் கிழங்கிலேயே அது 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். மாவுச்சத்தோ 15 கிராமுக்கு மேல், எந்தப் பெயரில் வாங்கினாலும். ரத்தத்தில் ஏறுவது அதுதான்.

ஆனால் உங்கள் கடிதத்தில் உருளைக்கிழங்கைவிடப் பெரிய குற்றவாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். வடா பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 கிராம் எடையுள்ள ஒரு பாவில் மாவுச்சத்து சுமார் 20 கிராம். உள்ளே 60 கிராம் கிழங்கு இருந்தால் அதில் 11 கிராம்தான். கடலை மாவும் எண்ணெயும் தனிக்கணக்கு. பழி என்னவோ கிழங்குக்கு!

இரவுத் தட்டுக்கு வருவோம். 200 கிராம் சோற்றில் மாவுச்சத்து 56 கிராம். 100 கிராம் உருளைக்கிழங்கில் 18 முதல் 20 வரை. நம் வீடுகளில் நடக்கும் தவறு, உருளைக்கிழங்கைக் காய்கறிக் கணக்கில் வைப்பது. சோற்றுக்கு உருளை ரோஸ்ட், பூரிக்கு உருளை மசால், தோசைக்குள்ளும் அதுவே என்றால் சோற்றுக்குச் சோறே தொடுகறி என்று ஆகிறது. உருளைக்கிழங்கு தானியக் கணக்கு. 150 கிராம் வேகவைத்த கிழங்கு சாப்பிடும் வேளையில் 100 கிராம் சோற்றைக் குறைத்துவிட்டால் கணக்கு நேராகும். சமையலறைத் தராசு இல்லையென்றால் ஒரு வாரத்துக்காவது வாங்கி வையுங்கள். கண்ணளவில் நாம் போடும் ‘கொஞ்சம் சோறு’ நிறுத்துப் பார்த்தால் கொஞ்சமாக இருப்பதில்லை.

பசி விஷயத்தில் கிழங்கின் பெயர் நல்ல பெயர்தான். 1995இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் குழுவினர் 38 உணவுகளை ஒவ்வொன்றும் 240 கலோரி அளவில் கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று கேட்டார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் வேகவைத்த உருளைக்கிழங்கு 323 எடுத்து முதலிடம் பிடித்தது. கவனியுங்கள், வேகவைத்தது. ரோஸ்ட்டும் சிப்ஸும் இந்தச் சான்றிதழில் பங்கு கேட்க முடியாது.

எப்படிச் சமைக்கிறோம் என்பதிலும் சர்க்கரை கூடும், குறையும். குக்கரில் குழைய விட்டு மசித்தால் மாவுச்சத்து முழுக்க இளகி, வேகமாகச் செரித்து ஏறிவிடும். தோலோடு முழுசாக, திறந்த பாத்திரத்தில், கத்தி நுழையும் பதத்தில் எடுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வைத்தால் மாவுச்சத்தில் ஒரு பகுதி மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காமல் கீழே போய்விடும். மறுநாள் சூடு செய்தாலும் அதில் ஓரளவு தங்கும். பலன் மிதமானதுதான். இதைக் காரணம் காட்டி இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டால் லாபம் போச்சு. வேகாத கிழங்கை மட்டும் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கே அது இனிப்பாகிவிடும். வெந்ததை 100 கிராம் நறுக்கி, வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வேகவைத்த கொண்டைக்கடலையோடு மதிய டப்பாவில் வைக்கலாம். புளிப்பும் பயறும் சர்க்கரை ஏறும் வேகத்தைத் தணிக்கும். மாலைக்கு என்று இதையே காலையில் கட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மும்பைப் புழுக்கத்தில் பத்து மணி நேரம் தாங்காது, வயிறு கெடும்.

இனி நேரம். சாயந்திரத்துக்குப் பிறகு உடம்பில் இன்சுலின் சுரப்பு மந்தப்படுகிறது. தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் அதற்கு ஒரு காரணம். அதனால் அதே சோறு மதியம் ஏற்றுவதைவிட இரவு பத்தேகாலுக்கு அதிகம் ஏற்றும், இறங்கவும் நேரமாகும். ரோஸ்ட்டில் உள்ள எண்ணெய் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துவதால், சர்க்கரையின் ஒரு பங்கு அவர் தூங்கிய பிறகு வந்து சேரும். விடியற்காலையில் ஈரல் தன் பங்குக்குக் கொஞ்சம் குளுக்கோஸை விடும். 168க்கு இவ்வளவும் போதும்.

லோக்கல் ரயிலை நம்பி வாழ்பவரிடம் ‘ஏழு மணிக்குச் சாப்பிடுங்கள்’ என்று சொல்வது சுலபம். நடக்காது. அதனால் இரவுச் சாப்பாட்டை இரண்டாக உடையுங்கள். மாவுச்சத்தின் பெரும்பங்கு ஆறரைக்கு அலுவலகத்திலேயே முடியட்டும்: இரண்டு மெல்லிய சப்பாத்தியில் பருப்புப் பொடி தடவிச் சுருட்டியது, ஒரு கைப்பிடி வறுத்த கடலை, ஒரு கொய்யா. இவை கெடாது. வீட்டுக்கு வந்ததும் முதலில் காய்க்கூட்டு, முட்டையோ மீனோ பனீரோ; சோறு கடைசியில், 100 கிராமுக்குள். இந்த வரிசை முக்கியம். காயும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் மாவுச்சத்து மெதுவாக ஏறும். பிறகு பில்டிங் காம்பவுண்டிலேயே 15 நிமிட நடை. காலையில் டீ மட்டும் என்பதும் கூடாது. சர்க்கரை நோயாளிகள் காலை உணவை விட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஏற்றம் கூடுகிறது. இரண்டு இட்லி கெட்டிச் சாம்பாரோடு, அல்லது ஒரு பெசரட்டு (பாசிப்பயறு தோசை) போதும்.

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது ‘கை நடுங்குகிறது’ என்ற சொல். அதைப் பசி என்று எடுத்துக்கொண்டு வடா பாவ் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வடா பாவில் எண்ணெய் இருப்பதால் அது வேகமாக உதவாது. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை என்றால் வேளை தவறிய சாப்பாட்டில் சர்க்கரை இப்படி விழக்கூடும். வெறும் மெட்ஃபார்மின் என்றால் அது அபூர்வம்.

மாற்றத்தைத் தொடங்குமுன் இதை மருத்துவரிடம் சொல்லுங்கள், இரவுச் சோறு குறையும்போது மாத்திரையின் அளவோ நேரமோ மாற வேண்டியிருக்கலாம். போகும்போது ஒரு வாரக் கணக்கை எடுத்துப் போங்கள்: வெறும் வயிற்றில், நடுக்கம் வரும்போது, இரவுச் சாப்பாட்டின் முதல் வாயிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து. சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. பொதுவாக அந்த இரண்டு மணிக் கணக்கு 180க்குள் இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 100 கிராம் கிழங்கில் பொட்டாசியம் 400 மில்லிகிராம் வரை உண்டு. கோளாறு இருந்தால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துத்தான் சாப்பிட வேண்டும், தோலோடு வேகவைக்கும் முறை அவருக்கு ஆகாது.