பர்கண்டி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள்: கேட்டவையும் என் பதில்களும்

டிஜோன் நகரில் 11 வருடமாக வசிக்கிறேன். மழை இல்லாத சனிக்கிழமைகளில் பெரும்பாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெற்கே திராட்சைச் சரிவுகள் பக்கம் போய்விடுவேன். இந்தப் பக்கம் வரத் திட்டமிடுகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, பிரான்சில் திராட்சை விளையும் இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் ஏன் எப்போதும் பர்கண்டியையே சொல்கிறீர்கள்?

இங்கே எல்லாமே சைக்கிள் தூரத்தில் இருக்கிறது தம்பி. டிஜோனிலிருந்து தெற்கே சாந்த்னே வரை சுமார் 60 கிலோமீட்டருக்கு ஒரே குன்று வரிசை. அதன் கிழக்குச் சரிவில் ஒடுக்கமான பட்டையாகத் திராட்சை. இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கல்வீட்டுக் கிராமம், நடுவில் கொடிகள் மட்டும்தான்.

இன்னொன்று, இந்தச் சரிவைச் சைக்கிளில் போனால்தான் புரிந்துகொள்ள முடியும். உச்சியில் காடு, நடுச்சரிவில் மிகவும் விலை உயர்ந்த தோட்டங்கள், கீழே பெருஞ்சாலை ஓரத்துச் சமவெளியில் சாதாரண ஒயினுக்கான திராட்சை. குறுக்கே ஏறினால் கால் மணி நேரத்தில் மூன்றையும் கடந்துவிடலாம். மண்ணின் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. அதை இங்கே ‘க்ளிமா’ என்பார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தட்பவெப்பம் என்றும் பொருள் உண்டு, ஆனால் இங்கே வானிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படி 1,247 க்ளிமாக்களைச் சேர்த்துத்தான் 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கொடுத்தது. உலகப் புகழ் பெற்ற ரொமானே-கோந்தி தோட்டம் மொத்தமே 1.8 ஹெக்டேர்தான். ஓரத்தில் ஒரு தாழ்ந்த மதில், ஒரு கற்சிலுவை, அவ்வளவுதான். நான் முதல் முறை கவனிக்காமல் தாண்டிப் போய், திரும்பி வந்து பார்த்தேன்.

முதல் முறை வருகிறேன், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எந்தப் பாதை?

போன் என்ற ஊரிலிருந்து சாந்த்னே வரை ‘வுவா தே வீன்’, அதாவது திராட்சை வழி. சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி-மோன்ராஷே எல்லாம் இந்த வழியில் வந்துவிடும். பெரும்பாலும் தோட்டக்காரர்கள் டிராக்டர் ஓட்டும் குறுகிய பாதைகள், அம்புக்குறிப் பலகைகளும் உண்டு.

22 கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். காலையில் கிளம்பி மாலையில் திரும்புங்கள். பொமாரைத் தாண்டியதும் பாதை இரண்டு பக்கமும் இடுப்பளவு கல்மதில்களுக்கு நடுவே போகும். அங்கே நிறுத்தி, மதிலில் கை வைத்துப் பாருங்கள். சாந்து பூசாமல் அடுக்கிய கற்கள், வெயிலில் சூடேறி இருக்கும். கொடிகள் ஏறக்குறைய மீட்டருக்கு ஒன்றாக நெருக்கி நட்டவை, ஹெக்டேருக்குச் சுமார் 10,000. சில வரிசைகளின் முனையில் ரோஜாச் செடி நிற்கும். மிதித்துக்கொண்டே போனால் இதெல்லாம் வெறும் பச்சைக் கோடாகத்தான் தெரியும்.

சாலைகள் பாதுகாப்பா? கார்கள் வேகமாகப் போகுமா?

டி974 என்ற பெருஞ்சாலை சரிவின் அடிவாரத்தில் போகிறது. அதைத் தவிர்த்துவிடுங்கள். அதற்கு மேலே கிராமம் விட்டுக் கிராமம் போகும் சிறு சாலைகளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கார் வந்தால் அதிகம்.

ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் விடுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது வலப்பக்க முன்னுரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலது பக்கத்துச் சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும். கிராமத்துக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறையுங்கள். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவது சட்டப்படி குற்றம், 135 யூரோ அபராதம்.

எந்த மாதம் வரலாம்?

மே கடைசியிலிருந்து ஜூன் முடிய, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் மதிய வெயில் கொடுமை, சரிவில் நிழலே கிடையாது. செப்டம்பரில் அறுவடை. சில வருடங்களில் ஆகஸ்ட் கடைசியிலேயே தொடங்கிவிடுகிறது. ஊரெல்லாம் திராட்சை நொதிக்கும் வாசனை, ஆனால் பாதைகளில் வேன்களும் டிராக்டர்களும் நிறைந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி, யாரும் நம்ப மாட்டார்கள். கொடிகளைக் கவாத்து செய்யும் காலம். வெட்டிய குச்சிகளை இரும்புத் தள்ளுவண்டியில் போட்டு, வரிசை வரிசையாக நகர்த்திக்கொண்டே எரிப்பார்கள். அந்தப் புகை குளிர்காற்றில் தரையோடு படிந்து நிற்கும். கையுறை இரண்டு ஜோடி வேண்டும்.

தோட்டத்துக்குள் டிராக்டர் எதிரே வந்தால் என்ன செய்வது?

இறங்கி ஒதுங்கி நில்லுங்கள். இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நாம் ஊர் சுற்ற வந்தவர்கள், அவர்களுக்கு அது வேலை செய்யும் இடம். இங்கே பார்ப்பது உயரமான கால் வைத்த டிராக்டர். கொடி வரிசை அதன் வயிற்றுக்கு அடியில் போகும். ஓட்டுநர் மேலே உட்கார்ந்திருப்பார், கீழே கிட்டத்தில் இருக்கும் சைக்கிளை அவர் கவனிக்காமல் போகலாம்.

மே முதல் ஜூலை வரை அதில் மருந்து அடிப்பார்கள். வெள்ளைப் புகைபோல் தெரிந்தால் தூரத்திலேயே நின்று, முடியும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் வேறு வழியில் போங்கள். மழைக்கு மறுநாள் டிராக்டர் சக்கரத்தில் ஒட்டி வந்த சுண்ணாம்புக் களிமண் பாதையில் கிடக்கும், சோப்பு மாதிரி வழுக்கும். ஒரு இறக்கத்தில் அதில் பிரேக் பிடித்து நான் விழுந்திருக்கிறேன். முழங்கை கிழிந்தது. கவாத்து செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் தன் பாட்டில் தண்ணீரை முழுவதும் ஊற்றிக் கழுவிவிட்டார். அன்றிலிருந்து தோட்டத்தில் யாரைப் பார்த்தாலும் ‘போன்ழூர்’ (வணக்கம்) சொல்லாமல் கடப்பதில்லை.

கைநீட்டி நாலு திராட்சை பறித்துச் சாப்பிடலாமா?

கூடாது. அது அவர்களுடைய வருமானம். மருந்து அடித்ததாகவும் இருக்கலாம்.

நான் சைவம். வழியில் என்ன சாப்பிடுவது? தண்ணீர் கிடைக்குமா?

மதியம் 12 மணியிலிருந்து 2 மணிவரை கிராமத்தில் சாப்பாட்டுக் கடை தவிர எல்லாம் பூட்டியிருக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் சுத்தமாக ஒன்றும் இருக்காது. திங்களன்று பல பேக்கரிகள் விடுமுறை. ஆகவே காலையிலேயே போன் ஊரில் ஒரு பகேத் ரொட்டி, கொஞ்சம் பாலாடைக்கட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கத்திய பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவமென்றால் கேட்டு வாங்குங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஆம்லெட் பெரும்பாலும் கிடைக்கும்.

தண்ணீருக்கு ஒரு வழி: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்காக அங்கே குழாய் இருக்கும். ‘ஓ நோன் பொத்தாப்ல்’ என்று பலகை இருந்தால் குடிக்க உகந்ததல்ல, விட்டுவிடுங்கள்.

ஒயின் ருசி பார்த்துவிட்டு ஓட்டலாமா?

ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு சைக்கிளுக்கும் பொருந்தும். ருசி பார்க்கும் இடங்களில் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள், தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். முடிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த சைக்கிளைக் கொண்டுவரவா, வாடகைக்கு எடுக்கவா? டயர்?

ஒன்றிரண்டு நாளென்றால் வாடகை போதும், போன் ஊரில் கிடைக்கும். பாரிஸிலிருந்து டிஜோனுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் சைக்கிளோடு வந்தால் பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்பும் வட்டார ரயில் வசதி, சுமார் மூன்று மணி நேரம். சைக்கிள் மாட்டும் இடம் குறைவு, முன்பதிவு வேண்டுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல், 32 என்றால் இன்னும் நல்லது. கூடுதல் ட்யூப் இரண்டு, பம்ப், இவ்வளவும் கையில் இருக்கட்டும், கிராமங்களில் பஞ்சர் கடை கிடையாது.

ஏற்றம் ஏற ஆசை. சமவெளி போரடிக்கும்.

மெர்சோவிலிருந்து மேற்கே திரும்பி, ஒக்ஸே-துரெஸ் வழியாக சான்-ரொமான் ஏறுங்கள். சுண்ணாம்புப் பாறைச் சுவருக்கு அடியில் ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் மேலே ஓர்ஷ் என்ற குக்கிராமம் வரை மிதித்தால், ஏறி வந்த பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில். கடைசித் திருப்பங்களில் மூச்சு வாங்கும், சின்ன கியரை முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

மேடம், 7 வயது மகளோடும் என் அம்மாவோடும் வருகிறேன். அவர்களால் முடியுமா?

அப்படியென்றால் திராட்சை வழியை விட்டுவிட்டு, கொஞ்சம் தெற்கே ஜிவ்ரியிலிருந்து க்ளூனி போகும் பசுமைப் பாதைக்குப் போங்கள். பழைய ரயில் தடத்தின்மேல் தார் போட்டது, அதனால் ஏற்றமே தெரியாது. கார் கிடையாது. முழுவதும் 40 கிலோமீட்டருக்கு மேல் வரும், நீங்கள் புக்ஸி வரை போய்த் திரும்பினால் போதும். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம். அம்மாவுக்கு பேட்டரி சைக்கிள் கேளுங்கள், சீட்டை அவர் கால் தரையில் படும் உயரத்துக்கு இறக்கித் தரச் சொல்லுங்கள்.