படிக்க முடியாத எழுத்துகள்

கேள்வி: வெர்க்மன் என்ற டச்சுக்காரரின் அச்சுப் படங்களைப் பார்த்தேன். ரோமன் எழுத்துகள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் கிடக்கின்றன, சேர்த்துப் படித்தால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஏதாவது ரகசியச் செய்தியா, இல்லை சும்மா விளையாட்டா?

பதில்: ரகசியம் எதுவும் இல்லை, படிக்க முயன்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஹென்ட்ரிக் வெர்க்மன் குரோனிங்கன் நகரத்தில் பெரிய அச்சகம் நடத்தியவர். 1923-இல் தொழில் நொடித்துப்போய் ஒரு கிடங்கின் மேல்தளத்துக்கு வந்தபோது கூடவே வந்தது ஒரு கை அச்சு இயந்திரமும் சுவரொட்டிக்கான பழைய மர எழுத்துகளும்தான். வாடிக்கையாளர் குறைந்த அந்த இடத்தில்தான் இந்தப் படங்கள் பிறந்தன. வழக்கமாக எழுத்துகளைக் கோத்து, முடுக்கி, மை தடவி, அதன்மேல் காகிதத்தை வைப்பார்கள் அல்லவா? இவர் காகிதத்தை இயந்திரத்தில் மல்லாக்கப் போட்டு, மை தடவிய எழுத்தை ஒவ்வொன்றாக அதன்மேல் கவிழ்த்து அழுத்தினார். அதனால் எழுத்து வரிசையில் நிற்கவேண்டிய கட்டாயமே போய்விட்டது. ஓ ஒரு வளையம், ஹெச் ஒரு ஏணி, அவ்வளவுதான். அதே 1923-இல் தொடங்கிய தன் சிற்றிதழின் முதல் இதழில் கதவுப் பூட்டின் தகட்டுக்குக்கூட மை தடவி அச்சிட்டிருக்கிறார்! அப்புறம் மை உருளையையே நேராகக் காகிதத்தில் உருட்டினார், ஓரத்தை மட்டும் வைத்துக் கோடு இழுத்தார்.

அதே 1923-இல் பெர்லினில் லிசிட்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியர், ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் கவிதைகளுக்கு அச்சகத்தின் எழுத்துகளையும் கோடு அச்சிடும் உலோகக் கம்பிகளையும் வைத்தே உருவங்கள் அமைத்தார். ஆனால் அவர் பக்கத்தை வரைந்து கொடுத்தார்; கோத்தவர் ரஷ்ய மொழி தெரியாத ஜெர்மன் தொழிலாளி. வெர்க்மனிடம் யோசிப்பதும் அச்சிடுவதும் ஒரே கை, அடுத்து என்ன வரும் என்பதை முந்தைய அழுத்தல் விட்ட தடம்தான் தீர்மானித்தது. எனக்கு இவரைத்தான் அதிகம் பிடிக்கும். லிசிட்ஸ்கி ரசிகர்கள் சண்டைக்கு வந்தாலும் சரி.

கேள்வி: அச்சுதானே, நிறையப் பிரதிகள் இருக்க வேண்டுமே? ஏன் இவ்வளவு அரிது?

பதில்: இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு பிரதிதான். பிரதி எடுக்கப் பிறந்த இயந்திரத்தை அதற்கு நேர்மாறாகப் பயன்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் நெதர்லாந்தை ஜெர்மனி ஆக்கிரமித்திருந்தபோது நண்பர்களோடு ரகசியமாகச் சிறு வெளியீடுகளும் கொண்டுவந்தார், ஹசிதியம் என்ற யூத பக்தி இயக்கத்தின் கதைகளுக்கான வண்ண அச்சுகளும் அதில் அடக்கம். 1945 மார்ச்சில் கைது செய்தார்கள். ஏப்ரல் 10 அன்று சுட்டுக் கொன்றார்கள், நகரம் விடுதலையாக ஒரு வாரம்கூட இல்லை. பறிமுதல் செய்த படைப்புகளில் பல அந்த விடுதலைப் போரின் தீயிலேயே எரிந்துபோயின. தப்பியவற்றைப் பார்க்க விரும்பினால் குரோனிங்கர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பிலிருந்து தொடங்குங்கள்.