செங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு தினமும் ஓட்ட, 4,000 ரூபாய்க்குள் வசதியான பழைய சைக்கிள் எப்படிப் பார்த்து வாங்குவது?

செங்கோட்டையில் வீடு, தென்காசியில் துணிக்கடை வேலை, எப்போதும் சேலைதான், முழங்கால் கொஞ்சம் தொந்தரவு, கையில் 4,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் செங்கோட்டைதான். பண்பொழிப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் வேலை. சில வருஷமாகச் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போய்வருகிறேன். இரண்டு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறேன். முதலாவது ஆகாமல் போனது, இரண்டாவது இன்றைக்கும் ஓடுகிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

கடையிலோ வீட்டிலோ ஒரு பழைய சைக்கிளைக் காட்டினால் பெயிண்டையும் கம்பெனி பெயரையும் அப்புறம் பாருங்கள். முதலில் சீட்டுக்குக் கீழே இருக்கும் போல்ட்டை ஸ்பானர் போட்டுத் தளர்த்தச் சொல்லி, சீட்டுக் கம்பி மேலே வருகிறதா, கீழே போகிறதா என்று ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.

என் முதல் சைக்கிள் ஆரியங்காவுப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் கிடந்தது. பையன் ஓட்டிவிட்டுப் போட்ட கியர் வண்டி. முன்னாலும் பின்னாலும் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், பார்க்கப் புதுசு போல இருந்தது. 1,500 ரூபாய்தான். அந்தச் சேட்டன் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் தென்மேற்கு மழையும் பெய்யும், ஐப்பசி மழையும் பெய்யும். வருஷக்கணக்காக ஈரத்தில் நின்றதில் சீட்டுக் கம்பி குழாய்க்குள்ளேயே துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது. நம்ம ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சி இரண்டு நாள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், சுத்தியலால் தட்டினார், பைப் ரெஞ்ச் போட்டுத் திருகினார். ஒரு நூல்கூட அசையவில்லை. பையன் உயரத்துக்கு இருந்த சீட்டில் நான் முழங்காலை மடக்கி மடக்கி மிதித்தேன். மூன்றாவது மாதம் படி ஏறவே முடியவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குத்தான் போட்டேன்.

சைக்கிள் மிதிப்பதால் வரும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் சீட்டு தாழ்ந்திருப்பதுதான் காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. சரியான உயரம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிவரை இறக்கி அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. ஓட்டும்போது குதிகாலுக்குப் பதிலாக முன்பாதம் பெடலில் இருக்கும், அப்போது முழங்காலில் லேசான மடிப்பு வரும். அதுதான் அளவு. இப்படி வைத்தால் நிற்கும்போது இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதியாது, விரல்தான் ஊன்றும். முதல் வாரம் பயமாக இருக்கும். பயந்துபோய் சீட்டை இறக்கிவிடாதீர்கள். இறங்கும்போது சீட்டிலிருந்து முன்னால் நழுவி நிற்கப் பழகினால் போதும்.

சேலைக்குக் குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான். செயினை முழுசாக மூடும் செயின் கவரும், பின்சக்கரத்தின் மேல்பாதியில் முந்தானை சிக்காமல் தடுக்கும் வலையும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடையில் தனியாக வாங்கி மாட்டிவிடலாம். அது இல்லாமல் ஒரு நாளும் ரோட்டுக்கு எடுக்காதீர்கள். ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி நம் வேலைக்கு வேண்டாம். எடை அதிகம், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். குண்டு குழிக்கு அகலமான ஸ்பிரிங் சீட்டே போதும்.

கம்பெனி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹீரோ, ஹெர்குலஸ், பிஎஸ்ஏ லேடிபேர்டு எதுவானாலும் சரி. பின்னிரண்டும் அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் கம்பெனியுடையவை, சாமான் இங்கேயே கிடைக்கும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள், படிப்பு முடிந்த பிறகு எத்தனையோ வீட்டில் சும்மா நிற்கிறது. தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சீட்டுக் கம்பி அசைகிறது, உயரம் சரி என்றால் அடுத்து பிரேம். ஹேண்டில் நுழைகிற குழாய்க்குப் பின்னால், கீழ்நோக்கிப் போகும் குழாய் சேரும் இடத்தை அடியிலிருந்து விரலால் தடவிப் பாருங்கள். பெயிண்ட் சுருக்கம் விழுந்தோ புடைத்தோ இருந்தால் வண்டி முன்னால் எங்கேயோ பலமாக மோதியிருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை போன்ற போர்க்கையும் பாருங்கள், பின்பக்கம் மடங்கியிருக்கக் கூடாது. இந்த இரண்டையும் எவ்வளவு செலவு செய்தாலும் திருப்தியாகச் சரிசெய்ய முடியாது.

மற்றதெல்லாம் பேரம் பேச உதவும் குறைகள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் பிரேக் கட்டையை ஒரு பக்கம் உரசுகிறதா? கோட்டம் எடுத்தால் சரியாகும். பெடலை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது கடகடவென்றால் அச்சு, பால்ஸ் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெடல் தண்டை அச்சோடு இறுக்கும் காட்டர் பின் தேய்ந்திருக்கும். செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளி அடுத்த பின்வரை அளந்தால் சரியாக 12 அங்குலம் வரும். அதைவிட அரைக்கால் (1/8) அங்குலம் நீண்டிருந்தால் செயினோடு பல்சக்கரமும் போயிருக்கும். டயர் மாற்றும்போது ஒரு விஷயம் கவனம். 26 × 1 3/8 என்று போட்ட டயரும் 26 × 1.95 என்று போட்ட டயரும் ஒரே 26 என்று நினைத்துவிடக் கூடாது. முதலாவதற்கு ரிம் அளவு 590 மில்லிமீட்டர், மற்றதற்கு 559. ஒன்றின் ரிம்மில் மற்றது உட்காராது. பழைய டயரின் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இனி நம்ம ஊர்க் காற்று. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் மேகாற்று உங்களுக்குத் தெரியாததில்லை. காலையில் தென்காசிக்குப் போகும்போது அது முதுகில் தள்ளிவிடும். சாயங்காலம் எட்டுக் கிலோமீட்டரும் முகத்தில் அறையும், லேசான ஏற்றம் வேறு. இதற்கு ஆறு கியர் வண்டி தேட வேண்டியதில்லை. என் வண்டியில் முன்னால் 44 பல், பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கரமான பிரீவீல் 18 பல். அண்ணாச்சியிடம் சொல்லி 22 பல் பிரீவீல் போட்டேன், செயினைக் கொஞ்சம் நீட்ட வேண்டியிருந்தது. முன்பு பெடல் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டர் போகும், இப்போது நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இறக்கத்தில் வேகம் குறைவுதான். ஆனால் எதிர்காற்றில் இறங்கித் தள்ளிக்கொண்டு போன நாட்கள் அதோடு முடிந்தன. முழங்காலும் நன்றி சொல்லும்.

சாரல் காலத்தில் பிரேக்கும் ஒரு கவலை. இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு நன்றாக முன்னாலேயே பிரேக்கை மெதுவாகத் தொட்டுத் தொட்டு விட்டால் தண்ணீர் துடைபடும், அப்புறம் பிடிக்கும். அலுமினிய ரிம்மும் வயர் பிரேக்கும் உள்ள வண்டி அதே விலையில் கிடைத்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

இரண்டாவது சைக்கிளை 2022இல் இலஞ்சியில் ஒரு வீட்டில் 2,000 ரூபாய்க்கு வாங்கினேன். டயரும் டியூபும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 900, பிரீவீலும் செயினும் 450, முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் ஓவராயில் கூலி 350, ஸ்பிரிங் சீட்டு 300. மொத்தம் 4,000. அதனால் உங்கள் கையில் இருப்பதை முழுசும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள், பாதியை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சீட்டுக் குழாயிலோ பெடல் அச்சுக்கு அடியிலோ அடித்திருக்கும் பிரேம் நம்பரைக் குறித்து, விற்பவரிடம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் சந்தையில் பாதி விலைக்குக் கொடுக்கிற வண்டியைத் தொடவே வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சேலையோடு ஏறி ஒரு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். ஹேண்டிலில் இருந்து கையை லேசாகத் தளர்த்தினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. ஓவராயில் முடிந்து பத்து நாள் ஓட்டியதும் திரும்பக் கடைக்குக் கொண்டுபோய் காட்டர் பின்னையும் ஸ்போக்ஸ் கம்பிகளையும் ஒரு தடவை இறுக்கச் சொல்லுங்கள். புதுசாகப் போட்டவை அதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும், அண்ணாச்சி அதற்குக் காசு கேட்க மாட்டார்.